சுண்ணாம்புத் தொட்டிச் சத்தம்

"பச்சையா இருக்கு" என்றேன்.

மதுரையில் ஓர் இசைக்கருவிக் கடை. மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. என் மடியில் கிட்டார், எதிரே மூன்றாவது ஆம்ப்ளிஃபயர். காலையில் கடை திறக்கும்போது உள்ளே போனவர்கள் நாங்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நகரவில்லை. கடையை நடத்தும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பொறுமைசாலி. எங்களுக்காக மூன்று முறை டீ வரவழைத்துவிட்டார்.

சிக்கந்தர் பிளாஸ்டிக் ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். நான் சொன்னதைக் கேட்டதும் கண்ணைத் திறந்தான்.

"எது பச்சை?"

"இதுதான். மேல ஒண்ணுமே இல்ல. ஈரச் சாக்கைப் போட்டு மூடுன மாதிரி இருக்கு."

"மாப்ள, நல்லாக் கேளு. இதுதான்டா அது. கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு, பாரு." முன்கையை நீட்டிக் காட்டினான். நரைத்த ரோமங்கள் நிஜமாகவே எழுந்து நின்றன.

"ஏசி காத்து" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் நீளம். என் மனைவி பிலோவைக் கேட்டால் இதைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதித் தருவாள்.

"உனக்குக் காது போச்சுடா. அறுபது தாண்டுனா அப்படித்தான். யாராவது டாக்டர்ட்டப் போய்க் காட்டு."

அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையில் ஏதோ தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். சிக்கந்தர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். திண்டுக்கல் பஸ்ஸில் எனக்கு இரண்டு ஸீட் முன்னால் உட்கார்ந்து, வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். எங்கள் சிநேகத்துக்கு நாற்பத்தைந்து வயது. நாங்கள் தனித்தனி ஸீட்டில் உட்கார்ந்து வந்த பயணம் அது ஒன்றுதான்.

சொல் இல்லாத பாட்டு

சிக்கந்தரைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இரண்டு வரி. பேகம்பூர்க்காரன். அவன் அத்தாவுக்குத் தோல் பதனிடும் இடம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அதைத் தோல் ஷாப் என்போம். நான் மேட்டுப்பட்டி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் கற்றுக்கொண்டவன் நான். சிக்கந்தர் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்.

எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் மாமா பினாங்கிலிருந்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். அட்டையில் கோட்டு போட்ட நாலு வெள்ளைக்காரர்கள், கையில் கிட்டார்கள். தட்டைச் சுழலவிட்டால் பாட்டே இல்லை. பாடுகிறவர் எப்போது வருவார் என்று காத்திருந்தோம். வரவே இல்லை. பாடகர் பாட வேண்டியதை ஒரு கிட்டார் பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுரமும் தெளிவாக, கொஞ்சம் நடுங்கியபடி வரும். அது ஓய்வதற்குள் தூரத்தில் இன்னொரு முறை கேட்கும். தட்டு முடிந்து முள் உள்வட்டத்தில் கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது. எங்களில் யாரும் எழுந்து அதை எடுக்கவில்லை.

அடுத்த மாதமே 'சிறுமலை பாய்ஸ்' தொடங்கியாகிவிட்டது. நான் லீட் கிட்டார், சிக்கந்தர் ரிதம், முருகேசன் பேஸ், பால்ராஜ் டிரம்ஸ். கல்யாண வரவேற்புகளிலும் திருவிழாக்களிலும் பாடகர்கள் வந்து சேரும்வரை மேடையை நிரப்புவது எங்கள் வேலை. ஒரு தடவை வடமதுரையில் உயிரைக் கொடுத்து, எங்களுக்குத் தெரிந்த மூன்று மெட்டுகளையும் வாசித்து முடித்தோம். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். பாராட்டப் போகிறார் என்று குனிந்து நின்றேன்.

"மைக் நல்லாக் கேக்குதப்பு. பாட்டை ஆரம்பிங்க" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் எங்களுக்குப் பெயர் 'மைக் டெஸ்ட்'.

ஆம்ப்ளிஃபயர் வாங்க வசதி ஏது? நாகல் நகர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் பழைய வால்வு ரேடியோக்களைப் பிரித்து ஒன்று செய்து கொடுத்தார். பலகைப் பெட்டிக்கு சிக்கந்தர் ஆட்டுத்தோல் உறை போட்டான். வால்வு சூடானதும் அந்தத் தோல் மணக்கும். பக்கத்தில் நின்று வாசிக்கும் எனக்குப் பசி எடுக்கும்.

அடக்கப் போய் வந்தது

ஒத்திகை தோல் ஷாப்பில்தான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் சிக்கந்தர் சாவியோடு வருவான். ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்த வாடை முதலில் குமட்டும். செத்த நேரத்தில் பழகிவிடும்.

பிரச்சினை சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கம் கெடுவதாக அவன் அத்தாவிடம் முறையிட்டார்கள். அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "சத்தம் வெளிய கேட்டுச்சுன்னா, சாவியைக் குடுத்துரு."

அங்கே தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். தரைக்குக் கீழே ஆளுயர ஆழம். அதில் ஒன்று விரிசல் விட்டு, பயன்படாமல் காய்ந்து கிடந்தது. சத்தத்தை அடக்குவதற்காக ஆம்ப்ளிஃபயரைக் கயிறு கட்டி அதற்குள் இறக்கினோம். நாங்கள் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டோம். நீள வயர் ஒன்று என் கிட்டாரிலிருந்து உள்ளே போனது.

முதல் சுரத்தைத் தட்டினேன்.

தொட்டியின் நாலு சுவரிலும் மோதி, மினுங்கி, மேலே எழும்பி வந்தது. பினாங்குத் தட்டில் கேட்டது எதுவோ, அது. பால்ராஜ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். முருகேசன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், உள்ளே வேறு யாரோ வாசிக்கிறார்களோ என்பது போல. சத்தம் வெளியே கொஞ்சமும் குறையவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு அக்கம்பக்கத்திலிருந்து முறையீடும் வரவில்லை.

மேடைக்குத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் வெளியே எங்கள் வாசிப்பு எப்போதும் மொட்டையாகத்தான் இருந்தது. அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டது உலகத்தில் நாங்கள் நாலு பேர். பால்ராஜ் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. முருகேசன் கொரோனாவில் போனான். மிச்சம் இரண்டு பேர்.

பச்சை முதல் மெருகு வரை

ட்ரெபிள், பேஸ் என்ற சொற்களெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மெக்கானிக் வைத்த திருகுகளில் பெயர் எழுதியிருக்கவில்லை. சிக்கந்தர் தோல் ஷாப் பாஷையில் சொல்வான். சத்தம் மந்தமாக, தண்ணி கோத்தது போல் இருந்தால் 'பச்சை'. காதைக் கீறினால் 'விறைப்பு'. சரியாக இருந்தால் 'பதம்'. அதற்கும் மேலே ஒன்று உண்டு. பதமான தோலைக் கண்ணாடி உருளையால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க ஒரு பளபளப்பு ஏறும். அதற்கு 'மெருகு' என்று பெயர்.

"மாப்ள, இன்னும் செத்தக் காய வை" என்பான். நான் ஒரு திருகைத் திருப்புவேன். "ஐயோ, விறைச்சுப் போச்சு" என்பான். திருப்பிக்கொண்டே இருப்போம். தொட்டிக்குள் இறக்கிய பிறகுதான் அவன் வாயிலிருந்து 'மெருகு' என்ற சொல்லே வந்தது.

பிறகு எனக்கு மில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. ஆம்ப்ளிஃபயர் சிக்கந்தரின் கோடவுனில் ஒரு மழைக்காலத்தில் நனைந்து உப்பிப்போனது. தோல் ஷாப்பும் கை மாறி, அந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை, அங்கே பிரியாணி நன்றாக இருக்கும். அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. மில்லில் இருந்த முப்பத்திரண்டு வருஷமும் மனசின் ஒரு மூலையில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றதும் அதைத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று இருந்தேன். சாவதற்குள் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும்.

மூன்று பெட்டிகள்

கிட்டார் சுலபமாகக் கிடைத்துவிட்டது. ஆம்ப்தான் சோதித்தது.

அன்றைக்கு மதுரைக் கடையில் பார்த்த முதல் பெட்டி முழுக்கக் கம்ப்யூட்டர். "நூறு ஆம்போட சவுண்டு இதுக்குள்ள இருக்கு அங்கிள்" என்றார் கடைக்காரப் பெண். ஹோட்டல் மெனு போல விரலால் தள்ளிக்கொண்டே போனோம். எனக்கு அது பரவாயில்லை என்றுதான் பட்டது. சிக்கந்தர் காதைப் பொத்திக்கொண்டான்.

"விறைப்புடா. எலும்புல போய்க் குத்துது."

இரண்டாவது டிரான்சிஸ்டர். பெரிய உருவம், நல்ல தெளிவு. "பதம் இருக்கு. மெருகு இல்ல" என்றான் அவன். எனக்கு அதில் பதம்கூடத் தெரியவில்லை. பச்சை என்றேன். ட்ரெபிள் திருகைத் திருப்பிக்கொண்டே போனேன்.

"அங்கிள், அது ஏற்கெனவே பத்துல இருக்கு. அதுக்கு மேல போகாது" என்றார் அந்தப் பெண், தயங்கித் தயங்கி.

மூன்றாவது வால்வு ஆம்ப். சின்னப் பெட்டி, உள்ளே இரண்டு ஸ்பீக்கர், முதுகுப் பக்கம் திறந்தபடி. போட்டவுடன் பேசாது, வால்வு சூடாகக் காத்திருக்க வேண்டும். கூடவே எக்கோவுக்கு ஒரு பெடல் இணைத்தார். உள்ளே வால்வுகள் சிவந்து வருவதைப் பார்த்ததும் கிட்டாரை மடியில் இழுத்துச் சரியாக வைத்துக்கொண்டேன். இதுதான், இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று தட்டினேன். ஒன்றும் இல்லை. மேலே மினுங்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. சிக்கந்தர் மட்டும் கண்ணை மூடி எங்கோ போய்விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. அவன் போன இடத்துக்கு நான் போகவில்லை.

மில் பாஷை

இங்கே மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் முன்பு மில் கேண்டீன் பற்றி எழுதியபோது, "சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவரும் நூல் மில்லில் வேலை பார்த்தவர். நியாயமான கேள்வி.

நான் இருந்தது நூல் முறுக்கும் மெஷின்கள் ஓடும் பகுதி. நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் சுழலும். அங்கே பேச்சு என்பதே கிடையாது. உதடுதான் பாஷை. எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்தால் போதும், என்ன சொல்கிறார் என்று தெரிந்துவிடும். தூரத்தில் இருந்தால் கை. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். இருபதடி தள்ளி நின்று, ஒரு வார்த்தை காதில் விழாமல், ஒரு முழுக் குடும்பச் சண்டையையும் நாங்கள் பேசித் தீர்த்துவிடுவோம். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதத்தில் யாருக்கும் இது வந்துவிடும். வந்த பிறகு போகாது. வீட்டிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் கண் தானாகவே எதிராளியின் வாய்க்குப் போய்விடும்.

காதில் வைக்க அடைப்பான் கொடுத்தார்கள். பையில் போட்டுக்கொள்வோம். யாராவது பஞ்சை உருட்டிக் காதில் வைத்தால், "என்னப்பு, காது குத்து விசேஷமா, மாமன் வந்தாச்சா?" என்று உதட்டாலேயே கேலி பண்ணுவோம். முதல் ஆளாகக் கேட்பவன் நான்தான். எனக்கென்ன, பாட்டுக் கேட்ட காது, திடமான காது என்று நினைப்பு.

ஊரில் கொசு இல்லை

மதுரையிலிருந்து வந்த பிறகு சிக்கந்தர் ஒரு வாரம் பேசவில்லை. நானும் போன் செய்யவில்லை. ஒரு சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து பிலோவிடம் அவனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் காது மந்தம், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான், என்று.

பிலோ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேச்சை மாற்றுவதற்காக நான், "இந்த வருஷம் கொசுவே இல்ல பாத்தியா" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, உங்க தலையைச் சுத்தி இப்ப ஒரு படையே பாடிக்கிட்டுத் திரியுது."

"எங்க?"

"மூணு வருஷமா ஊர்ல கொசு இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க. நான் பேசாம இருந்தேன். போன்ல யார் பேசினாலும் டவர் சரியில்லைங்கிறீங்க. கொரோனாவுல எல்லாரும் முகத்தை மூடுனப்ப, ஊரே வாய்க்குள்ள முனகுதுன்னு கத்துனீங்க. குக்கர் நாலு விசில் அடிச்சாலும் உக்காந்த இடத்துலயே இருக்கீங்க."

"அது அடுப்படி தூரம்."

பிலோ எழுந்து எனக்குப் பின்னால் போனாள். நான் வெங்காயத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன்.

"பின்னாடி நின்னு மூணு தடவை உங்க பேரைச் சொன்னேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கிறாள், நான் கேட்கவில்லை.

எந்த மில்லு?

காது பரிசோதிக்கும் இடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்தது. ஓர் இளம்பெண். சத்தம் புகாத கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் அழுத்தினேன். பிறகு அழுத்த வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. மெஷினை நிறுத்திவிட்டாரோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் கை ஓயாமல் திருகிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஒரு ஃபைலை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது பட்டு. நான் சொன்னது தட்டு. அவர் சொன்னது சீப்பு. நான் உப்பு என்றேன். பக்கத்தில் நின்ற பிலோ ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃபைலை இறக்கிவிட்டு அந்தப் பெண் கேட்டார்: "எந்த மில்லு சார்?"

மில் என்று நாங்கள் சொல்லவே இல்லை.

காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இடப்பக்கம் சமமாக வந்து, பாதிக்கு மேல் சிறுமலை இறக்கம் போலச் சரேலென்று கீழே விழுந்தது. கனமான சத்தமெல்லாம் எனக்குக் கேட்கும். மெலிந்த, உச்சத்தில் இருக்கும் சத்தங்கள் கேட்காது. ஒரு மெஷினை என் காதில் மாட்டிப் பார்த்தார். பேச்சு தெளிந்தது. போனில் என் கிட்டார் வாசிப்பைப் பதிந்து வைத்திருந்தேன், அதைப் போட்டுக் கேட்டேன். தகரத்தில் சரளைக் கல்லைக் கொட்டியது போலிருந்தது.

"இது பேச்சுக்குத்தான் சார். போன நரம்பை இதால திருப்பித் தர முடியாது."

கீழே வந்து வண்டியை எடுக்கப் போனவன் சாவியைப் போட முடியாமல் நின்றேன். எல்லா ஆம்புகளிலும் காலியாகக் கிடந்த அந்த இடம் எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ் நிலையத்துக் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன். பிலோ வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்தச் சத்தத்துக்காக மில் வேலையின் ஒவ்வொரு நாளையும் ஓட்டினேனோ, அந்த மில் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே நாளில் எடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பேகம்பூரில்

மறுநாள் சிக்கந்தர் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தவன் நிலைப்படியிலேயே நின்றான். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"என்னடா இது, கோடு கீழ போகுது?"

"என் காது. உனக்குப் போகல. எனக்குத்தான் போச்சு."

கோட்டின் மேல் விரலை வைத்து, அது விழும் இடம்வரை ஓட்டிப் பார்த்தான். சொல்லிக் காட்ட அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"அப்ப இம்புட்டு நாளா நான் பேசுனதெல்லாம்?"

"வாயைப் பாத்தேன்."

"உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு திட்டுனதெல்லாம் வீணா?"

சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

"எந்திரி. மதுரைக்குப் போவோம்."

"எதுக்குடா? எனக்குத்தான் கேக்காதுல்ல."

"எனக்குக் கேக்கும்ல. வாடா."

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வழி முழுக்கத் தன் மருமகன் வியாபாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

கடையில் அதே மூன்றாவது பெட்டி. நான் வாசித்தேன். சிக்கந்தர் ஆம்ப் முன்னால் குந்தி உட்கார்ந்து திருகினான். என்னிடம் ஏதோ சொன்னான், அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்காரப் பெண் அதைக் கவனித்திருக்க வேண்டும். எனக்கு எதிரே வந்து நின்று அவன் சொல்வதை உதடு தெளிவாகத் தெரியும்படி திருப்பிச் சொன்னார்.

"காய வைக்கணுமாம் அங்கிள். அப்படின்னா என்ன?"

"ட்ரெபிள்மா."

"விறைச்சிருச்சாம்."

"அவனே குறைப்பான்."

பெடலில் எக்கோவைக் கொஞ்சம் நீட்டினான். பெட்டியைச் சுவரை ஒட்டித் தள்ளினான், பிறகு மூலைக்கு நகர்த்தினான். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கேட்டது கட்டையான பாதி மட்டும். மீதியைக் கை தன் பாட்டுக்கு வாசித்தது. மெட்டின் நடுவில், கை கிட்டாரின் கழுத்துப் பக்கத்திலிருந்து மேலேறி மெல்லிய கம்பிக்குப் போகும் ஓர் இடம் உண்டு. அங்கே போனேன். என் பங்குக்கு அங்கே வெறும் விரல் சத்தம்தான்.

சிக்கந்தர் திருகிலிருந்து கையை எடுத்தான். அப்படியே குந்தியிருந்தான். தோள் இரண்டு முறை ஏறி இறங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினான். உதடு ஒட்டிப் பிரிந்து, குவிந்து நின்றது. நான் மில்லில் படித்த படிப்புக்கு அதைப் படிக்க யார் உதவியும் தேவைப்படவில்லை.

மெருகு.

எனக்காகச் சொல்கிறானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அடுத்த நிமிஷமே அவன், "அந்த மேல ஏறுற எடத்துல ஒரு சுரத்தை அப்பவே தப்பா வாசிப்ப. இப்பவும் அதே தப்பு. ஒழுங்கா வாசி" என்றான். சந்தேகம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை

பெட்டி இப்போது எங்கள் வீட்டு முன்னறையில், மூலையில் இருக்கிறது. திருகுகள் நிற்கும் இடத்தில் சிக்கந்தர் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறான். பிலோ தூசி தட்டினாலும் அவற்றைத் தொட மாட்டாள்.

ஜும்மா முடிந்து அவன் வருகிறான். பிலோ டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவளும் வந்து உட்காருகிறாள். நான் வாசிக்கிறேன். வாசிக்கிறவன் கம்பியைப் பார்க்க வேண்டும், நான் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். மேலேறும் அந்த இடம் வரும்போது சிக்கந்தர் கண்ணை மூடிக்கொள்கிறான். பிலோ அந்தச் சத்தத்தைத் தொட்டியில் கேட்டவள் இல்லை. அவளும் அந்த இடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்க்கிறாள். ஒரு நாள் வாசித்து முடித்ததும், "இதுக்குத்தான் இத்தனை வருஷமா ஏங்குனீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஏங்கலாம்" என்றாள்.

எனக்கு ஆற்றாமை இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். ஒரே ஒரு தடவை, அந்த ஒரே இடத்தை மட்டும், கேட்டுவிட மாட்டோமா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரல் மேலேறும்போது காதைத் தீட்டிக்கொள்கிறேன். கேட்பதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. நானும் அதே அறையில்தான் இருக்கிறேன்.